மழைத்துளியைப் பெரிதாக வரைந்தால் மழை பெரிதாகிவிடுமா?

2019 ஆகஸ்ட் 9 காலை வரையிலான 24 மணி நேரத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் 911 மி.மீ. மழை பதிவானது. முந்தைய நாள் கணக்கு 820 மி.மீ. இந்த மாதிரி எண்களோடு பெரும்பாலும் மழைத்துளிப் படங்களும் சேர்ந்தே வரும்: மழை அதிகம் பெய்த ஊருக்குப் பெரிய துளி, குறைந்த ஊருக்குச் சின்னத் துளி. பார்க்க அழகுதான், கணக்குத்தான் உதைக்கிறது. இரண்டு மடங்கு மழைக்கு இரண்டு மடங்கு உயரத்தில் துளி வரைந்தால் அகலமும் கூடவே இரண்டு மடங்காகும். பரப்பு நான்கு மடங்காகிவிடும். சரி, பரப்பையே இரண்டு மடங்காக்கி வரைவோம் என்றால், பரப்பின் வித்தியாசத்தை நம் கண் குறைத்தே மதிப்பிடும்.

கண்ணுக்கு எது சுலபம் என்பதை வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் சோதித்து 1984-இல் வெளியிட்டார்கள். ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் பட்டைகளின் நுனிகளை ஒப்பிடுவதில் மனிதர்கள் கெட்டிக்காரர்கள். நீளம், கோணம், பரப்பு என்று போகப் போகத் தவறு கூடுகிறது. நிறத்தின் அடர்த்தி கடைசி வரிசையில் வருகிறது. டிசைனரின் முதல் வேலை, முக்கியமான ஒப்பீட்டை அந்த அடிக்கோட்டுக்குக் கொண்டுவருவது.

எதை எதோடு ஒப்பிடுவது என்பதும் அவர் கையில்தான் இருக்கிறது. மேற்கே கூடலூரில் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி ஜூன் முதல் கொட்டித் தீர்க்கும். கிழக்குச் சரிவில் குன்னூரும் கோத்தகிரியும் அக்டோபர், நவம்பர் மழையை நம்பியிருப்பவை. இரண்டையும் கூட்டி மாவட்டச் சராசரி என்று ஒரே பட்டை வரிசை போட்டால், எந்த ஊரிலும் பெய்யாத ஒரு மழைதான் கிடைக்கும். கூடலூரின் மாதவாரி மழைப் பட்டைகளுக்கு ஒரு சின்னக் கட்டம், அதன் கீழே குன்னூருக்கு இன்னொன்று, ஜனவரிக்கு நேர் கீழே ஜனவரி. இப்படி வைத்தாலே மழை மலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறுவது தெரியும். ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். மென்பொருளின் போக்கில் விட்டால் அது ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பப் பார்த்து, குன்னூர்ப் பட்டையைக் கூடலூர் உயரத்துக்கு இழுத்துவிடும். நான் பார்க்கும் சார்ட்டுகளில் அதிகம் நடக்கும் கோளாறு இதுதான்.

அளவுகோலை இழுப்பதே குற்றம் என்றும் சொல்ல முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் 46 கி.மீ. ஓடி, சுமார் 330 மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டருக்கு ஏறுகிறது. இதை உள்ளது உள்ளபடி 46 செ.மீ. காகிதத்தில் வரைந்தால் மொத்த ஏற்றமும் 2 செ.மீ.கூட வராது, தண்டவாளத்தைப் பற்றி ஏற உதவும் பல்சக்கரம் இந்த ரயிலுக்கு எதற்கு என்றே கேட்கத் தோன்றும். உயரத்தைப் பத்து மடங்கு நீட்டினால் ஏற்றம் புரியும். ஆனால் ஏறத்தாழ 5 பாகை உள்ள செங்குத்தான பகுதி 40 பாகைக்கு நிமிர்ந்துவிடும். ஆகவே 'உயரம் 10 மடங்கு' என்று படத்திலேயே எழுத வேண்டும்.

நிறத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. மழை வரைபடத்தைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுங்கள். வெளிர் நீலத்திலிருந்து கருநீலத்துக்குப் போனது அப்போதும் வரிசை மாறாமல் இருக்கும். வானவில் நிறங்களில் போட்டது குழம்பிவிடும், சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அது சிக்கல்தான்.

அப்புறம், அந்த 911. 10 மி.மீ. மழைக்கு 1 மி.மீ. உயரம் என்றால் பட்டை 9 செ.மீ.க்கு மேல் எழும்பும், 20 மி.மீ. பெய்த நாள் வெறும் 2 மி.மீ. பலர் பெரிய பட்டையை நடுவில் வெட்டி ஒரு நெளிகோடு போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, கண் பார்ப்பது வெட்டிய உயரத்தைத்தான். பட்டையை முழுசாக நிற்க விட்டு, மற்ற நாட்களுக்கு வேறு அளவுகோலில் தனிக் கட்டம் போட்டு, அளவு மாறியதைத் தலைப்பிலேயே சொல்லிவிடலாம்.