மூன்று முறை கலைந்த கருவும் ஒரு பழைய ரிப்போர்ட்டும்

அந்தப் பெண்ணுக்கு 26 வயது. மூன்று முறை கரு தங்கவில்லை. கடைசிக் குழந்தைக்கு ஐந்தாம் மாதத்தில் துடிப்பு நின்றுபோனது. "இவளுக்குச் சூட்டு உடம்பும்மா, சொன்னா கேக்காம பப்பாளி வேற தின்னா" என்றார் மாமியார். அவள் தலை நிமிரவே இல்லை.

பழைய ஃபைலைப் புரட்டினேன். முதல் கர்ப்பத்தில் எடுத்த வி.டி.ஆர்.எல்., அதாவது சிபிலிஸ் என்ற பால்வினை நோயைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை, பாசிட்டிவ். அந்த நோய்தான் என்று பயந்து கணவருக்கும் ஊசி போட்டிருக்கிறார்கள். வீட்டில் பெரிய சண்டை. உறுதிப்படுத்தும் டி.பி.எச்.ஏ. பரிசோதனை நெகட்டிவ் என்ற தாளும் அதே ஃபைலில் இருந்தது. அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

வி.டி.ஆர்.எல். பரிசோதனையில் கார்டியோலிபின் என்ற கொழுப்பைப் பயன்படுத்துகிறோம். ஆன்டிபாஸ்போலிபிட் சின்ட்ரோம், அதாவது ஏ.பி.எஸ். உள்ள சிலருக்கு அந்தக் கொழுப்புக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) உடம்பிலேயே இருப்பதால், இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும். 1983-இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் விவரித்த நோய் இது. ரத்தம் எளிதில் உறையும். நஞ்சுக்கொடி பாதிக்கப்பட்டு, குழந்தைக்குப் போக வேண்டியது போகாது. பப்பாளிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்படியானால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஏ.பி.எஸ். பரிசோதனையை எடுத்துவிடலாமே என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு காய்ச்சலுக்குப் பிறகுகூட இந்த ஆன்டிபாடி தற்காலிகமாகத் தலைகாட்டும். நன்றாக இருக்கும் பெண்ணைப் பயமுறுத்தி, தேவையில்லாத ஊசியில் கொண்டுபோய் விடும். ஆனால் தொடர்ந்து மூன்று முறை கலைந்தவர்கள் (இரண்டு முறை என்றாலே நான் எழுதிக் கொடுத்துவிடுவேன்), 10 வாரத்துக்குப் பிறகு குறையில்லாத குழந்தையை ஒருமுறையேனும் இழந்தவர்கள், கடுமையான ரத்த அழுத்தத்தால் 34 வாரத்துக்கு முன்பே பிரசவமானவர்கள், காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், லூபஸ் (நோய் எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்) உள்ளவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டும். லூபஸ் ஆன்டிகோகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஆன்டிபாடி என மூன்று பரிசோதனைகள். பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் உறுதி. அந்த இரண்டாவது முறைக்குத்தான் பலர் வருவதில்லை. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைத் தொடங்கிவிட்டால் லூபஸ் ஆன்டிகோகுலன்ட் பரிசோதனையின் முடிவு குழம்பும்.

உறுதியானால் வழி இருக்கிறது. குறைந்த அளவு ஆஸ்பிரினும் வயிற்றுத் தோலடியில் ஹெப்பாரின் ஊசியும். 1997-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கும், ஹெப்பாரினும் சேர்த்து எடுத்தவர்களில் 71 சதவீதம் பேருக்கும் உயிருள்ள குழந்தை பிறந்தது. "ஊசி குழந்தைமேல படாதா டாக்டர்?" என்று கேட்காதவர்களே இல்லை. படாது. ஹெப்பாரினும் நஞ்சுக்கொடியைத் தாண்டாது.

அதற்காக, கரு கலைந்த எல்லோருக்கும் இந்த ஊசியைப் போடுவது தவறு. பரம்பரையாக வரும் ரத்த உறைவுக் குறைபாடுள்ள பெண்களுக்கு ஹெப்பாரின் கொடுத்தும் உயிருள்ள பிறப்புகள் கூடவில்லை என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

முந்தைய இழப்பைச் சொன்னால்தானே நாங்கள் இதை யோசிக்க முடியும்! "எத்தனாவது கர்ப்பம்?" என்றால் பலரும் "முதல்" என்கிறார்கள். இப்போது கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இதுக்கு முன்னாடி எப்பவாவது நாள் தள்ளிப்போய் கலைஞ்சிருக்காம்மா?" என்று இன்னொரு முறை கேட்கிறேன். சிலருக்கு அங்கேதான் அழுகை வருகிறது.