மாதாங் என்பது தோட்டமன்று

கொரிய மரபு வீடான ஹானோக் பற்றிய தமிழ்க் கட்டுரைகளிலும் தொடர்களின் வசன வரிகளிலும் 'மாதாங்' என்பதை 'நடுத்தோட்டம்' என்று எழுதுகிறார்கள். இம்மாதத்தில் மட்டும் மூன்று முறை கண்டுவிட்டேன். மூன்றாவதில், பக்கத்திலிருந்த படத்தில் ஒரு செடிகூட இல்லை, பெருக்கிவிட்ட வெறும் மண்தரைதான் இருந்தது.

மாதாங் தனிக் கொரியச் சொல், சீனத்திலிருந்து வந்ததன்று. வீட்டைச் சார்ந்த, சமன்படுத்திய திறந்த தரையை அது குறிக்கும். தோட்டத்துக்குச் சீன வேரிலிருந்து வந்த 'ஜொங்வொன்' என்னும் வேறு சொல்லே கொரியரிடம் இருக்கையில், அவர்கள் பிரித்து வைத்ததை நாம் ஏன் ஒன்றாகக் குழைக்க வேண்டும்?

அந்தத் தரை வெறுமையாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. வெளிர்நிற மண்ணில் பட்ட வெயில் தெறித்து, வெளியே நீண்ட கூரை விளிம்புக்கு அடியிலுள்ள அறைகளுக்கு வெளிச்சம் தருகிறது. கோடையில் சூடேறிய முற்றத்தின் காற்று மேலெழ, வீட்டின் பின்புறத்துக் குளிர்காற்று மரத்தளக் கூடத்தின் வழியே உள்ளே இழுபடுகிறது. நடுவில் மரம் நட்டால் இவையெல்லாம் கெடும். நம்பிக்கையும் இதற்குத் துணை நின்றது: முற்றத்தைப் போன்ற சதுரத்துக்குள் 'மரம்' என்னும் சீன எழுத்தை இட்டால் அது 'இடர்' என்று பொருள்படும் சீன எழுத்தாகிவிடும். கதிரடித்ததும், திருமணம் நடந்ததும், குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போட்டதும் அந்தத் தரையில்தான். பூச்செடிகள் பின்பக்கத்துப் படித்திட்டுகளில் இருந்தன.

ஆகவே தமிழில் 'முற்றம்' என்பதே சரி. 'முன்றில்' அழகான சொல்தான். ஆனால் இல்லின் முன் என்பதே அதன் பொருள் ஆதலால், கொரியரின் முன் மாதாங், உள் மாதாங், பின் மாதாங் மூன்றையும் அது தாங்காது. முன்முற்றம், உள்முற்றம், பின்முற்றம் என்று முற்றமோ தடையின்றி அடையேற்கும்.

இன்றைய சியோலில் இந்தப் பிழை இன்னும் உறுத்துகிறது. மின் ஹியோன்ஜுன் வடிவமைத்து 2013இல் திறந்த, தேசிய நவீன, தற்காலக் கலை அருங்காட்சியகத்தின் சியோல் கிளை ஒரே பெருங்கட்டடமாக எழாமல், பல முற்றங்களைச் சூழ்ந்து பிரிந்து நிற்கிறது. ஒரு காலத்தில் ராணுவப் பாதுகாப்புப் பிரிவின் தலைமையகம் இருந்த அவ்விடத்தில், இப்போது நுழைவுச்சீட்டு இல்லாதவரும் முற்றத்தைக் கடந்து அடுத்த தெருவுக்குப் போகலாம். இதைத் தோட்டம் என்று எழுதினால் வடிவமைப்பின் கருத்தே வாசகருக்குப் போய்ச் சேராது. அகராதியைப் புரட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் படத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம்.

முற்றமும் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. பன்சோரி என்னும் கதைப்பாட்டில் ஒரு முழுக் கதையையும் மாதாங் என்றே எண்ணுவார்கள். பன்னிரண்டில் இன்று பாட்டோடு எஞ்சியவை ஐந்து. அங்கே 'ஐந்து கதைகள்' என்று எழுதினால் போதும்.