எது வரைக்கும் நேற்று?

கம்பெனிக்குள்ளேயே பயன்படும் வெப் டூல்களும் ரிப்போர்ட்டுகளும் செய்து கொடுப்பது என் வேலை. குடோன் ஆட்கள், கணக்குப் பிரிவு, வண்டி அனுப்புகிறவர்கள், இவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். இந்த வேலையில் எர்ரர் காட்டி நின்றுபோகும் டூலைப் பற்றி எனக்குப் பயமில்லை, உடனே போன் வந்துவிடும். தப்பான எண்ணை அழகாகக் காட்டிக்கொண்டே இருக்கும் டூல்தான் ஆபத்து.

ஒரு குடோனுக்கு டிஸ்பேட்ச் ரிப்போர்ட் செய்து கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. புகார் எதுவும் இல்லை. ஒருநாள் நேரில் போனால், சூப்பர்வைசர் மேசையில் ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு லோடும் கையால் எழுதியிருந்தது.

"ஏன் அண்ணே, அதான் ரிப்போர்ட்டுல வருதே?"

"வருது சார். தினமும் ஒண்ணு ரெண்டு லோடு உதைக்குது. அதான் இதையும் எழுதிக்கிறோம்."

சர்வரைப் பார்த்தேன். நேரமெல்லாம் யுடிசி-யில், அதாவது உலகப் பொது நேரத்தில் பதிவாகியிருந்தது, தேதியையும் அதை வைத்தே பிரித்திருந்தேன். யுடிசி நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 5.30. அதாவது அதிகாலையில் கிளம்பிய லாரியெல்லாம் முந்தைய நாள் கணக்கில். கண்டுபிடித்துவிட்ட பெருமையில் நோட்டைச் சரியாகக்கூடப் பார்க்காமல், இந்திய நேரப்படி நள்ளிரவில் நாள் மாறும்படி திருத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் போன் வந்தது. இப்போது உதைப்பது ஒன்றிரண்டு இல்லை, இருபது லோடு.

அப்புறம்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: உங்களுக்கு எது வரைக்கும் நேற்று? "ராத்திரி ஷிஃப்ட் முடியிற ஆறு மணி வரைக்கும் சார்." பழைய தப்பு அவர்கள் கணக்குக்கு அரைமணி நேரம்தான் தள்ளி இருந்திருக்கிறது. நான் திருத்தியது ஆறு மணி நேரம் தள்ளிவிட்டது. ஆனால் கணக்குப் பிரிவுக்கு நள்ளிரவுதான் எல்லை. ஏப்ரல் 1 அதிகாலை கிளம்பிய சரக்கு மார்ச் 31-இல் விழுந்தால் போன நிதியாண்டுக்குப் போய்விடும். இரண்டு பேர் சொல்வதும் சரி. இப்போது ரிப்போர்ட்டில் ஷிஃப்ட் நாள், காலண்டர் நாள் என்று இரண்டு இருக்கின்றன. எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்பது தலைப்பிலேயே வருகிறது.

எக்செல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நல்ல திரை செய்தாலும் முதல் கேள்வி "டவுன்லோட் பட்டன் எங்கே?" என்பதுதான். சிஎஸ்வி (காற்புள்ளி வைத்துப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்போம். எக்செல்லில் அதைத் திறந்தால் சரக்கோடு போகும் இ-வே பில்லின் 12 இலக்க எண் பத்தின் அடுக்காகச் சுருங்கித் தெரியும். முன்னால் பூஜ்யம் உள்ள குறியீட்டு எண்களில் அந்தப் பூஜ்யம் போய்விடும். 15 இலக்கத்துக்கு மேலே உள்ள இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். அப்படியே சேமித்துவிட்டால் அந்தக் கோப்பிலிருந்து அதை மீட்க வழியில்லை. இந்த எண்கள் வரும் காலம்களை (column) எழுத்து வகையாக வைத்து எக்செல் கோப்பாகவே கொடுப்பதுதான் என் வழக்கம். கடைசியில் மொத்த வரிசை எண்ணிக்கையையும் போட்டுவிடுவேன்.

எண்ணிக்கை எதற்கு என்றால், 2020-இல் இங்கிலாந்தில் நடந்தது அப்படி. பழைய எக்செல் வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான். கொரோனா பரிசோதனை முடிவுகள் அதைத் தாண்டியபோது மிச்சம் உள்ளே வரவே இல்லை. 15,841 பேருக்குத் தொற்று உறுதியானது தினசரிக் கணக்கில் விடுபட்டது. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவதும் தாமதமானது. வந்ததையும் அனுப்பியதையும் எண்ணிப் பார்க்கும் ஒரு வரி இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இப்போதெல்லாம் புது வேலை என்றால், திரை வரைவதற்கு முன்னால் அவர்களுடைய நோட்டையோ, யாரோ தனியாக வைத்திருக்கும் எக்செல்லையோ காட்டச் சொல்கிறேன். டூல் வந்த பிறகும் அது தொடர்ந்தால், அவர்கள் பழக்கத்தை விடவில்லை என்று சலித்துக்கொள்வதில்லை.

போன வாரம் அந்தக் குடோனுக்குப் போனேன். நோட்டு இன்னும் மேசையில்தான் இருக்கிறது. திரும்பி வந்த லோடுகளை மட்டும் எழுதுகிறார்கள். அதற்கு என் டூலில் இடமே வைக்கவில்லை.