காசுகள் ஏன் கட்சி பிரிகின்றன?

அமெரிக்காவில் சிவில் உரிமைச் சட்டம் வந்தது 1964இல். அதற்குப் பிறகும் பல ஊர்களில் கறுப்பர் ஒரு பக்கம், வெள்ளையர் ஒரு பக்கம் என்றே குடியிருக்கிறார்களே, மனசு மாறவே இல்லையா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

வரலாறு தெரிந்ததுதான், வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1930களில் அரசு அமைப்பு ஒன்றே நகர வரைபடங்களில் கறுப்பர் பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் அடித்து, இங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து என்றது. டெட்ராய்ட்டில் வெள்ளையர் குடியிருப்புக்குக் கடன் உத்தரவாதம் கிடைப்பதற்காக 1941இல் அதற்கும் பக்கத்துக் கறுப்பர் பகுதிக்கும் நடுவே ஒரு சுவரே எழுப்பினார்கள். வீடு தருவதில் பாகுபாடு கூடாது என்ற சட்டம் வந்தது 1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில்.

சரி, தடை போனதும் கலந்திருக்க வேண்டாமா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விளையாட்டு வருகிறது. தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலாளர் 1971இல் வெளியிட்டது, நீங்களும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சதுரங்கப் பலகையில் ஒரு ரூபாய், ஐந்து ரூபாய்க் காசுகளைக் கலந்து வையுங்கள், கொஞ்சம் கட்டங்களைக் காலியாக விடுங்கள். விதி ஒன்றுதான்: சுற்றியுள்ள காசுகளில் மூன்றில் ஒரு பங்காவது தன் வகையாக இருந்தால் போதும், குறைந்தால் காசு வேறு இடம் தேடிப் போகும். அதாவது தான் சிறுபான்மையாக இருப்பதில் அதற்கு ஆட்சேபம் இல்லை, ரொம்பத் தனியாகிவிடக் கூடாது, அவ்வளவே.

இப்போது ஓர் ஐந்து ரூபாய்க் காசைப் பாருங்கள். ஆறு அண்டை வீட்டார், அதில் இரண்டு பேர் தன் வகை, திருப்தி. அந்த இருவரில் ஒருவர் கிளம்பினால் ஐந்தில் ஒன்று ஆகிவிடுகிறது, இதுவும் மூட்டை கட்டும். இது போனதால் பக்கத்தில் மிச்சமிருக்கும் இன்னொரு ஐந்து ரூபாய்க்குத் துணை குறைகிறது, போய்ச் சேர்ந்த இடத்திலோ ஒரு ரூபாய்க்காரர்களின் பங்கு குறைந்து அவர்கள் கிளம்புகிறார்கள். எல்லாம் அடங்கும்போது, 33 விழுக்காடு போதும் என்ற காசுகள் சராசரியாகச் சுமார் 70 விழுக்காடு தன் வகையோடு உட்கார்ந்திருக்கும். (இதற்கு இன்று ஆராய்ச்சி நிதி கேட்டுப் போனால், காசு வைத்து விளையாடக் காசா என்று விரட்டிவிடுவார்கள்.)

வாசகரின் கேள்விக்குப் பதில் அடுத்த படியில் இருக்கிறது. பிரிந்து முடிந்த பலகையில் விதியைத் தளர்த்துங்கள், யார் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை என்று எல்லாக் காசுகளும் திருந்திவிட்டதாகவே வையுங்கள். ஒன்றும் நகராது! மனக்குறை இருந்தால்தானே இடம் மாறும்? மனசு மாறினாலும் வரைபடம் அப்படியே இருக்கும். அதைப் பார்த்து இரண்டு பக்கமும், "அவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லை" என்று நினைத்துக்கொள்ளும்.

இதை வைத்துக்கொண்டு "இனம் இனத்தோடுதான் சேரும்" என்று கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். காசுக்கு யாரும் கடன் மறுக்கவில்லை, சிவப்பு நிறம் அடிக்கவில்லை. லேசான விருப்பமே இவ்வளவு செய்யும் என்றால், அரசே தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கணக்கு.

அந்த டெட்ராய்ட் சுவர் இன்னும் நிற்கிறது. ஆனால் இப்போது அதன் இரண்டு பக்கமும் பெரும்பாலும் கறுப்பர்கள்தான், வெள்ளையர்கள் எப்போதோ புறநகருக்குப் போய்விட்டார்கள்.