கரையை விட்டு நகர நினைப்பவர் அறிய வேண்டியவை: சூறாவளி நிவாரணமும் காணிப் பத்திரமும்

கார்த்திகை மாதம் பிறந்து வாடைக்காற்று திசை மாறத் தொடங்கியதும், மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஒரே கேள்வி வீட்டுக்கு வீடு எழுகிறது: இங்கேயே இருப்பதா, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் எங்காவது போய்விடுவதா? போனால் அரசாங்கம் ஏதாவது தருமா என்பது அதன் பின்னாலேயே வரும் கேள்வி. நகர்ந்து போவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் நகர வேண்டும் என்ற விருப்பத்துக்காக மட்டும் எவருக்கும் பணம் தரப்படுவதில்லை. அரசு தருவது ஏற்பட்ட சேதத்துக்கு. அந்தச் சேதத்தை யாருடைய பெயரில் எழுதுவது என்பதையும், போன இடத்தில் என்ன உரிமை கிடைக்கும் என்பதையும் பெரும்பாலும் தீர்மானிப்பது கையில் இருக்கும் காணிப் பத்திரமே.

முதலில் எதை விட்டு விலக நினைக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வது நல்லது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தென்னந்தோட்டங்கள் அடியோடு சாய்ந்தன. 2000 டிசம்பர் 26இல் வந்த சூறாவளியும் 2020 டிசம்பரில் வந்த புரெவியும் திருகோணமலைப் பக்கமாகக் கரையேறின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா நாடு முழுவதையும் உலுக்கி, மலையகத்தில் மிக அதிக உயிர்களைப் பறித்தது. ஆக, சூறாவளி இங்கு ஆண்டுதோறும் நேராக வந்து மோதுவதில்லை. ஆண்டுதோறும் வருவது தாழமுக்கமும் அதனோடு சேர்ந்த வெள்ளமுமே. கடலோரமான எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போகிறவர் கடல் ஏறுவதிலிருந்து தப்பலாம். காற்றிலிருந்து தப்ப முடியாது. குளங்கள் வான் பாயும் நாட்களில் வெல்லாவெளியும் வவுணதீவும் பட்டிப்பளையும் படும் பாட்டை அங்குள்ள உறவினரிடம் கேட்டறிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். யானைப் பிரச்சினையைப் பற்றியும் அவர்களே சொல்வார்கள்.

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் நாட்டுக்குள் நடமாடவும் தான் வசிக்கும் இடத்தைத் தெரிவு செய்யவும் சுதந்திரம் அளிக்கிறது. இது தடையின்றிப் போகும் உரிமை. போகும் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அன்று. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், சனாதிபதியைத் தலைவராகக் கொண்ட தேசியப் பேரவையையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும் உருவாக்கியது. முன்னெச்சரிக்கை, ஆயத்தம், ஒருங்கிணைப்பு ஆகியவை அச்சட்டத்தின் வேலை. இடிந்த வீட்டுக்கு இத்தனை ரூபா என்ற கணக்கு அதில் இல்லை. அது ஒவ்வொரு அனர்த்தத்தின் பின்னரும் வெளியாகும் சுற்றறிக்கையில்தான் வருகிறது. அதனாலேயே ஒரு வெள்ளத்துக்குக் கிடைத்த தொகை அடுத்த வெள்ளத்துக்குக் கிடைப்பதில்லை. அயலூர்க்காரருக்கு அன்று கிடைத்ததைச் சொல்லி இன்று வாதாடுவதில் பயனும் இல்லை.

டித்வாவின் பின்னர் 2025 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தொகைகள் முன்னைய எதனோடும் ஒப்பிட முடியாத அளவு பெரியவை. வீட்டைச் சுத்தம் செய்ய 25,000 ரூபா, வீட்டை முற்றாக இழந்தவருக்குப் புதிய வீடு கட்ட 50 இலட்சம் ரூபா வரை, கட்டுவதற்குக் காணி இல்லாதவருக்கு அரச காணி அல்லது காணி வாங்க 50 இலட்சம் ரூபா வரை என்று அவை அமைந்தன. இந்தக் கடைசி ஏற்பாட்டை ஊன்றிக் கவனிக்க வேண்டும்: வேறிடம் போவதற்கு அரசு பணம் தரும் வாசல் இதுவே. ஆயினும் அது திறப்பது வீடு அழிந்த பிறகு. கூரை இன்னும் தலைக்கு மேல் நிற்கும் குடும்பம், அடுத்த காற்றுக்கு அஞ்சி முன்கூட்டியே விண்ணப்பிக்க அதில் இடமில்லை.

முன்கூட்டியே நகர்த்தும் திட்டமே நாட்டில் இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. மண்சரிவு அபாயத்தில் வாழும் குடும்பங்களுக்கு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையின் பேரில், வீட்டுக்கு 12 இலட்சமும் காணிக்கு 4 இலட்சமுமாக 16 இலட்சம் ரூபா வழங்கும் ஏற்பாடு 2017 முதல் நடைமுறைக்கு வந்தது. மலை சரியும் இடத்தை வரைபடத்தில் கோடிட்டுக் காட்டிவிடலாம். காற்று வரும் இடத்துக்கு அப்படி ஒரு கோடு போட முடியாது என்று, சூறாவளிக்கு இத்தகைய திட்டம் இல்லாததற்குக் காரணம் சொல்வோர் உண்டு. கடல் ஏறக்கூடிய இடத்துக்குக் கோடு போட முடியுமே என்பது என் எண்ணம்.

கடற்கரையில் கோடு போட்ட அனுபவம் நமக்குப் புதிதன்று. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையான பகுதியைக் கரையோர வலயம் என வகுத்து, அதற்குள் கட்டடம் எழுப்ப அனுமதிப்பத்திரம் தேவை என்கிறது. கடலோடு தொடர்புடைய வாவி, ஆறுகளுக்கு இந்த வலயம் இன்னும் உள்ளே நீள்கிறது. எனவே காற்றில் விழுந்த வீட்டைப் பழைய அத்திவாரத்தின் மேலேயே தூக்கி நிறுத்த நினைப்பவரும் இந்த அனுமதியைப் பற்றி முதலில் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். 2004 ஆழிப்பேரலையின் பின்னர் கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள்; தெற்கில் அதே தடை 100 மீற்றர்தான். பிறகு அந்த எல்லை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எல்லைக்குள் அகப்பட்டவர்கள் சொந்தக் காணியில் கட்டுவதற்கான பணம் பெற முடியாமல், நன்கொடையாளர் கட்டித் தரும் வீட்டுக்காகத் தற்காலிகக் கொட்டில்களில் காத்துக் கிடந்தார்கள். மட்டக்களப்புக் கடலோரத்து நாவலடி மக்களில் பலருக்குத் திராய்மடுவில் வீடு கிடைத்தது. வள்ளமும் வலையும் கடலும் நாவலடியிலேயே இருந்தன. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு எழுந்த 500 வீடுகளோ, யாருக்குப் பகிர்வது என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை போனதால், ஆண்டுக்கணக்கில் காடு மண்டிக் கிடந்தன. அரசு தரும் மாற்றிடத்தை நம்பிப் பழைய இடத்தைக் கைவிடுமுன் இவ்விரண்டையும் நினைத்துப் பார்ப்பது வீண்போகாது.

இனிப் பத்திரத்துக்கு வருவோம். நம் பகுதியில் பேச்சு வழக்கில் உறுதிக் காணி என்றும் பெர்மிட் காணி என்றும் சொல்வதன் வேறுபாடு, நகரும்போதுதான் உறைக்கும். உறுதிக் காணி தனியாருக்கு முழுச் சொந்தம். விற்கலாம், ஈடு வைக்கலாம், வாடகைக்கு விடலாம். விற்காமல் விட்டுப் போகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது: உங்கள் அனுமதியின்றி, உங்கள் உரிமையை ஏற்காமல், வேறொருவர் பத்து ஆண்டுகள் இடையறாது ஆண்டு வந்தால், நீண்டகால ஆட்சியின் பேரில் அவர் உரிமை கோர வழியுண்டு. ஆகவே உறவினரை இருத்திவிட்டுப் போனாலும், உங்கள் அனுமதியோடுதான் அவர் இருக்கிறார் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணனுக்குத் தம்பி கடிதம் கேட்பதா என்று முகம் பார்த்தவர்கள் பிற்காலத்தில் மாவட்ட நீதிமன்ற வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

பெர்மிட் காணியின் கதை வேறு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரமும், அதற்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரமும், அரச காணியை நிபந்தனைகளோடு தருபவை. பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அதைக் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. ஊரில் சாதாரணமாக நடக்கும் கைச்சாத்து வியாபாரம், அதாவது ஒரு தாளில் எழுதிச் சாட்சி வைத்துப் பணம் வாங்கிக்கொள்வது, வாங்கியவருக்கும் பாதுகாப்பில்லை, விற்றவருக்கும் பாதுகாப்பில்லை. அனுமதிப்பத்திரத்தில் வசிப்பதும் பயிர் செய்வதும் நிபந்தனையாக எழுதப்பட்டிருந்தால், கதவைப் பூட்டிவிட்டு வெளியூர் போவதே அதை இரத்துச் செய்யக் காரணமாகலாம். ஆகவே பெர்மிட் காணியில் இருப்பவர் போகுமுன் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குத் தாமே சென்று, தமது கோவையைத் திறந்து பார்க்கச் சொல்லி, பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பெயர் குறிக்காமல் உரித்தாளர் இறந்தால் ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை என்றிருந்த பழைய ஒழுங்கு 2022இல் திருத்தப்பட்டு, மகனும் மகளும் சமமாக்கப்பட்டனர்.

மட்டக்களப்பில் இது வெறும் சட்டப் பேச்சன்று. பெண் பிள்ளைக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுத்து, மருமகன் அங்கு வந்து குடியேறுவதே நம் வழக்கம். வீடு என்றால் அது தாய்வழிச் சொத்து. ஆனால் நிவாரணப் படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் ஆணின் பெயரை எழுதிவிடுவது அலுவலகப் பழக்கம். ஆழிப்பேரலைக்குப் பின் வழங்கப்பட்ட வீடுகளில், பெண்ணின் சீதனக் காணிக்கு ஈடாக வந்த வீடு கணவனின் பெயரில் பதியப்பட்டது பற்றி அப்போதே முறைப்பாடுகள் எழுந்தன. சேதமடைந்த வீடு யாருடைய உறுதியில் உள்ளதோ அவருடைய பெயரே படிவத்தில் வர வேண்டும் என்று வீட்டுக்காரப் பெண்கள் கிராம உத்தியோகத்தரிடம் அன்றைக்கே கேட்க வேண்டும். பின்னர் திருத்துவது மிகக் கடினம்.

சேதம் ஏற்பட்டவுடன் செய்ய வேண்டியது சிக்கலானதன்று. கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து, அவருடைய பதிவில் உங்கள் வீடு ஏறியதை உறுதி செய்ய வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பிட வருமுன் இடிந்த பகுதியை அப்புறப்படுத்த நேர்ந்தால், நான்கு பக்கமும் படம் எடுத்து வைக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. வாடகை வீட்டில் இருப்பவர், வீட்டுச் சேதம் உரிமையாளருக்கும் தளபாடச் சேதம் தமக்கும் உரியது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆற்றங்கரை, குளக்கட்டு போன்ற ஒதுக்கீட்டு நிலத்தில் பத்திரமின்றி இருப்போருக்கே நிலைமை மிகவும் இக்கட்டானது. அவர்கள் காணியற்றோராகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து, காணி வழங்க ஆட்களைத் தெரிவு செய்யும் காணிக் கச்சேரியின் நேர்முகத்துக்கு அழைக்கப்படும் வரை காத்திருக்க வேண்டும். குடியிருந்த காலத்தைக் காட்டும் மின்கட்டணப் பட்டியல், பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு, வாக்காளர் இடாப்பின் பிரதி ஆகியவை அங்கே கைகொடுக்கும்.

வீட்டைப் போலவே தொழிலும் இடத்தோடு கட்டப்பட்டது. கரைவலை இழுப்பதற்கான அனுமதி குறித்த பாட்டுக்கு, அதாவது வலை இழுக்கும் அந்தக் கரைத் துண்டுக்கு மட்டும் உரியது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேறு கரைக்குப் போக முடியாது. வயற்சொந்தக்காரரான போடியாரின் வயலைக் குத்தகைக்குச் செய்பவர், கமநல சேவை நிலையத்தின் பதிவில் தம் பெயர் இல்லாவிட்டால் பயிர்ச் சேதப் பணத்தைக் கேட்பது கடினம். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பம், முகவரி மாறியதைப் பழைய, புதிய பிரதேச செயலகங்கள் இரண்டிலும் அறிவிப்பது நல்லது. பிள்ளைகளின் விடுகைப் பத்திரம் வாங்குவதை எவரும் மறப்பதில்லை. வாக்காளர் பதிவைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

விண்ணப்பம் கொடுத்துப் பல மாதங்களாகியும் பதில் இல்லையென்றால், மீண்டும் மீண்டும் அலுவலகம் போய் வருவதைக் காட்டிலும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு கோரிக்கை கொடுப்பது பயன் தரும். என் வீட்டுக்கான சேத மதிப்பீடு எவ்வளவு, எந்தச் சுற்றறிக்கையின்படி கணக்கிடப்பட்டது, கோவை இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று தமிழிலேயே கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலர் அதை எழுத்தில் பதிய வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். மறுத்தால், அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்து, அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். கோரிக்கையைக் கையளித்ததற்கான பற்றுச்சீட்டை வாங்கிய பிறகே அலுவலகத்தை விட்டு வெளியே வாருங்கள்.