பண்ணை வேலைக்கு வெளிநாடு போகுமுன்: காசு கட்டுவதற்கு முன்னால் பார்க்கவேண்டியவை

கொரியாவிலோ இஸ்ரேலிலோ ஒரு விவசாயக் கிராமத்தில் விசா இல்லாமல் வேலை செய்யும் நம் இலங்கை ஆட்களில் பலர் வேலி தாண்டிப் போனவர்கள் இல்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டு விமானம் ஏறியவர்கள். கோளாறு கொழும்பில், காசு கைமாறிய இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. நகையை அடகு வைத்துக் கட்டிய காசு என்பதால் வெறுங்கையோடு திரும்பவும் முடியாது. விசா முடிந்த பிறகும் பண்ணையிலேயே தங்கிவிடுகிறார்கள்.

சட்டம் நேரானது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், வேலைக்குப் போகிறவர் புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும். பதிந்தால் காப்புறுதி உண்டு. பதியாமல் போய்க் கை கால் உடைந்தால் செலவு முழுக்க வீட்டின் தலையில்.

"விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். கொரியாவின் ஈ-9 வேலை விசாவை இங்கிருந்தே எடுக்க வேண்டும், அங்கே போய் மாற்ற முடியாது. கொரிய மொழிப் பரீட்சை எழுதி, பணியகம் வழியாக மட்டுமே அந்த வேலைக்குப் போகலாம். எந்தத் தனியார் ஏஜென்சிக்கும் அதில் இடமே இல்லை. அப்படியிருக்க, "கொரியாவுக்கு ஆள் எடுக்கிறோம்" என்று கேட்கும் காசு எதற்கு?

ஏஜென்சி மூலம் போகும் நாடுகளில் பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான்: சுவரில் மாட்டிய அனுமதிப்பத்திரத்தைப் பார்த்ததும் நம்பிவிடுகிறார்கள். அனுமதிப்பத்திரம் ஏஜென்சிக்கு. நீங்கள் போகப்போகும் வேலைக்குப் பணியகத்தின் அனுமதி தனியாக வேண்டும். எந்த நாடு, என்ன வேலை, அனுமதி எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து அந்த எண்ணைச் சொல்லிச் சரிபாருங்கள். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற ஏஜென்சியில் பாஸ்போட்டைக் கொடுக்காதீர்கள்.

ஊருக்கு வந்து ஆள் பிடிக்கும் சப் ஏஜென்டின் கையில் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அவர் பற்றுச்சீட்டு தரமாட்டார். பிறகு ஹட்டனிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, கொள்ளுப்பிட்டியில் 177 பஸ் பிடித்துப் பத்தரமுல்லை கொஸ்வத்தையில் இறங்கி, பணியகத்தில் வரிசையில் நின்றால் முதல் கேள்வி: "பற்றுச்சீட்டு எங்கே?" கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவு மட்டும். "பொலிஸுக்குப் போங்கள்" என்பார்கள். பொலிஸில், "இது பணியகத்து வேலை" என்பார்கள். இந்த அலைச்சலில் பாதிப்பேர் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பதே குற்றம். அதை விசாரிக்கப் பணியகத்திலேயே புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முறைப்பாட்டு எண்ணை எழுத்தில் வாங்காமல் வெளியே வராதீர்கள். வங்கிச் சீட்டு, குரல் பதிவு, தொலைபேசி எண் எதையும் அழிக்க வேண்டாம்.

படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள். கொழும்பிலும் அரச அலுவலகத்தோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. அது அவர்கள் செய்யும் உபகாரம் இல்லை. விளங்காத ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

சரி, முறைப்படி போய்ச் சேர்ந்தாயிற்று. அங்கேயும் ஒரு பொறி உண்டு. இஸ்ரேலின் விவசாய விசா விவசாயத்துக்கு மட்டும். 2023 கடைசியில் அரசு ஒப்பந்தத்தில் போனவர்களில் சிலர் பண்ணையை விட்டுப் பேக்கரி வேலைக்குப் போனதால் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கொரியாவில் முதலாளி கொடுமை செய்தால்கூட இரவோடிரவாக ஓடிவிடாதீர்கள். ஓடிப்போனதாக அவர் அறிவித்தால் விசா போய்விடும். முதலில் அங்குள்ள அரச வேலைவாய்ப்பு நிலையத்தில் இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் புது வேலை கிடைக்காவிட்டாலும் விசா நிலைக்காது. ஆகவே சம்பளச்சீட்டு, வேலை நேரக் குறிப்பு, தங்குமிடத்தின் படங்கள் எல்லாவற்றையும் முதல் மாதத்திலிருந்தே சேர்த்து, ஒரு பிரதியை வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள்.