எஸ்பிஎம் கணக்குத் தாளை ஸ்கூல் வேனில் திருத்தாதீர்கள்

மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் சோதனை நேரத்தில் என்னிடம் ஆலோசனைக்கு வரும் பிள்ளைகளிடம் பயம் எப்போது பிடித்தது என்று கேட்டுப் பார்த்தால், டேவானுக்குள், அதாவது சோதனை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது என்று சொல்பவர்கள் குறைவு. கேண்டீனில், வேனில், அன்றிரவு வாட்சாப் குழுவில் என்றுதான் சொல்வார்கள். அதிலும் கணக்குத் தாள் கஷ்டமாக வந்த வருடம் என்றால் கேட்கவே வேண்டாம்.

பேராக்கில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இதற்கு வசதி அதிகம். பள்ளி டவுனில், பிள்ளைகளின் வீடு எல்பில், டோவன்பி என்று தோட்டங்களின் பக்கம். கடைசிப் பிள்ளை வந்து ஏறும்வரை வேன் நகராது, ஏறிய பிறகும் செம்பனைக்கு நடுவே ஒவ்வொருவராக இறக்கிவிட்டுப் போக வேண்டும், அத்தனை நேரமும் எல்லோரும் ஒரே பேச்சில் மாட்டிக்கொள்கிறார்கள். “லாஸ்ட் கேள்விக்கு உனக்கு என்னடா வந்துச்சு?” ஒருவன் 48 என்கிறான், இன்னொருத்தி ஆமாம் என்கிறாள், அவ்வளவுதான், 48 சரியான விடை ஆகிவிட்டது. 36 எழுதிய பிள்ளை வீடு போய்ச் சேரும்வரை வாயே திறக்காது.

அந்த 48 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வேனில் விடையை முடிவு செய்வது பெரும்பாலும் சத்தமாகப் பேசுகிற பிள்ளை. கணக்கு நன்றாக வருகிற பிள்ளையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கையில் கேள்வித்தாளும் கிடையாது, கணிதம் இரண்டாம் தாளில் விடையை அதே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். இரண்டரை மணி நேரம் மூளையைக் கசக்கிய பிறகு, கேள்வியில் இருந்த எண்ணையும் தான் எழுதிய எண்ணையும் நினைவிலிருந்து எடுத்துப் பேசுகிறார்கள். சி பிரிவில் இரண்டு கேள்வியில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும். வேறு வேறு கேள்வி செய்த இருவர், உன் விடை தப்பு, என் விடை சரி என்று சண்டை போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்ததும் உண்டு.

இதைவிட வேடிக்கை, ஒரே விடையை இரண்டு உருவத்தில் வைத்துக்கொண்டு அழுவது. ஆரம் 7 செ.மீ. உள்ள வட்டத்தின் பரப்பளவை 22/7 வைத்துப் போட்டால் 154, 3.142 வைத்துப் போட்டால் 153.96. கேள்வி எதைப் பயன்படுத்தச் சொன்னது என்று அப்போது இருவருக்கும் ஞாபகம் இருக்காது. அட் மேத்ஸ் எனும் கூடுதல் கணிதம் எடுத்தவர்களுக்கு இன்னும் மோசம்: ஒருவருக்கு 1/√2, ஒருவருக்கு √2/2, மூன்றாமவருக்கு 0.7071. மூவரும் சொல்வது ஒன்றையேதான், ஆனால் களைத்துப்போன தலைக்கு அது தெரியாது.

சரி, விடை நிஜமாகவே தவறு என்றே வைத்துக்கொள்வோம். திருத்துபவர் கையில் இருக்கும் ஸ்கீமாவில், அதாவது புள்ளி போடும் வழிகாட்டியில், செய்முறைக்குத் தனிப் புள்ளி, விடைக்குத் தனிப் புள்ளி. செய்முறைக்குக் கே1, விடைக்கு என்1 என்று டியூஷனில் கேட்டிருப்பீர்கள். 4 புள்ளிக் கேள்வியில் சூத்திரம் சரி, பிரதியிட்டதும் சரி, கடைசி வரியில் கழித்தலில் சறுக்கியது என்றால் பெரும்பாலும் போவது அந்தக் கடைசிப் புள்ளிதான். வேனில் ஜாலான் கிராவை, அதாவது செய்முறையை, யாரும் ஒப்பிட்டு நான் கேட்டதில்லை, கடைசி எண்ணை மட்டும்தான். அதனால் பிள்ளை மனத்தில் நான்குமே போய்விடுகிறது. இப்படி நாலைந்து கேள்வியைக் கூட்டிப் பார்த்து “எனக்கு ஜி தான்”, அதாவது ஃபெயில்தான், என்று தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. எத்தனை புள்ளிக்கு என்ன கிரேடு என்பதை சோதனையை நடத்தும் லெம்பாகா பெப்ரிக்சாஅன் முன்கூட்டி அறிவிப்பதுகூட இல்லை.

உண்மையான சேதம் அடுத்த தாளில்தான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள் என்பது என் அனுபவம். ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டேன் என்று தெரிந்ததும் இரவெல்லாம் அதே கணக்கை மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். மறுநாள் செஜாரா, அதாவது வரலாறு, என்றால் யோசித்துப் பாருங்கள்: பகாசா மலாயு எனும் மலாய் மொழியிலும் செஜாராவிலும் தேறாமல் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது, செஜாராவுக்கு 2013 முதல் இந்த விதி. திருத்தவே முடியாத ஒரு புள்ளிக்காக அந்தப் பாடத்துக்கான தூக்கத்தைக் கொடுப்பது என்ன கணக்கு?

பேசாதே என்று தடை போட்டால் கேட்க மாட்டார்கள், பதினேழு வயது. கஷ்டமாக இருந்தது, நேரம் பத்தவில்லை என்று புலம்பட்டும், அது நல்லதுதான். எண்ணைச் சொல்லாமல் இருந்தால் போதும். யாராவது கேட்டால் “மறந்துட்டேன்லா” என்று ஒரு பொய் சொல்லிவிடுங்கள், நான் அனுமதிக்கிறேன். கணக்கின் இரண்டு தாளும் ஒரே நாளில் வந்தால் இடைவேளையில் கூட்டத்தை விட்டுத் தள்ளிப்போய்ச் சாப்பிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “ஏ கிடைக்குமா?” என்று கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன எழுதியது என்று விசாரிக்கவும் போகாதீர்கள். இரண்டு நாள் கடந்தும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அடுத்த தாளுக்குப் போக மாட்டேன் என்கிறது, “நான் இருந்து என்ன” என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் அன்றே பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்கோ அழைத்துப் போங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் லைன் எண் 15555. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.

அப்புறம் டியூஷன் ஆசிரியர்கள். சோதனை முடிந்த அன்று மாலையே முழு விடையையும் குழுவில் போடுவது உங்களுக்கு நல்ல விளம்பரமாக இருக்கலாம். போட்டே ஆக வேண்டும் என்றால் கடைசித் தாள் முடிந்த பிறகு போடுங்கள், அதற்குள் பாதிப் பேர் கேள்வியையே மறந்திருப்பார்கள்.